பரணில் போட்டால் பத்திரமா?

"தூக்கிப் பரண்ல போடு, என்னிக்காவது உதவும்." இதைக் கேட்காமல் வளர்ந்தவர் தமிழ்நாட்டில் அநேகமாக இருக்க மாட்டார். பரணுக்குப் போன பொருள் பத்திரமாக இருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. எனக்கு வருகிறது. கண்ணில் படாமல் போவதைத்தான் நாம் பத்திரம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

உடனே பாட்டி காலத்தைச் சாட்சிக்கு அழைப்பார்கள். அந்தக் காலத்துப் பரண் பல வீடுகளில் அடுப்புக்கு மேலேயே இருந்தது. விறகுப் புகை நாள் தவறாமல் ஏறி, விதையில் பூச்சி அண்டாமல் பார்த்துக்கொண்டது. ஆள் கையும் ஓயாமல் பட்டது. புளிப்பானை அடிக்கடி இறங்கும். விசேஷம் வந்தால் அண்டாவும் தவலையும் இறங்கி, புளி போட்டுத் துலக்கப்பட்டு மறுபடி ஏறும். இன்றைய 'லாஃப்ட்' காங்கிரீட் கூரையை ஒட்டிய ஒரு பொந்து. சித்திரை வெயிலில் மொட்டைமாடி வாங்கிய வெக்கையெல்லாம் ராத்திரி இறங்குவது அங்கேதான். கேஸ் அடுப்பில் புகைக்கு எங்கே போவது?

விளைவைப் பார்க்க ஸ்டூல் போட்டு ஏறினால் போதும். கல்யாணப் பட்டு வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்து, அந்த மடிப்பிலேயே இற்றுப் போயிருக்கும். ஜரிகை கறுத்திருக்கும். அந்துருண்டை போட்டேனே என்பார்கள். அது சில மாதங்களில் காற்றோடு போயிருக்கும். ஆல்பத்துப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பிரித்தால் மாமாவின் முகம் அத்தையின் புடவையோடு உரிந்து வரும். டிரான்சிஸ்டருக்குள் மறந்துபோன பேட்டரி கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றிருக்கும். கல்யாண வீடியோ கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை. அதைப் போட்டுப் பார்க்கும் டெக் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது.

கொலு பொம்மைகள் மட்டும் எப்படியோ தப்பிக்கின்றன. வெறும் களிமண்ணும் காகிதக்கூழும்தான். ஆனால் வருஷா வருஷம் நவராத்திரிக்கு இறங்கி, தூசி தட்டப்பட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி ஏறுகின்றன. ஓலைச்சுவடிக்கும் இதே கதைதான். எடுத்துப் பிரித்து எண்ணெய் பூசி, நைந்ததைப் புது ஓலையில் பெயர்த்தெழுத ஆள் இருந்தவரை அது பிழைத்தது. பயபக்தியோடு மூலையில் கட்டிப் போட்டவை செல்லரித்துப் போயின. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடி தேடியபோது, பொடிந்து உதிர்ந்த கட்டுகளையும்தான் கண்டார்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையைப் பரண்தானே காப்பாற்றியது என்று ஒரு வாதம் வரும். வாஸ்தவம். கீழ்வீட்டில் தண்ணீர் ஏறியபோது சர்டிபிகேட்டும் வீட்டுப் பத்திரமும் பரணுக்குத்தான் போயின. ஆனால் அங்கே இடம் இருந்ததா? மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, வாரண்டி முடிந்த பிறகும் பிரிய மனம் வராத தெர்மாகோல், 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டிவி. எதையாவது இறக்கினால்தான் ஒரு ஃபைலையாவது செருக முடியும். மின்சாரம் போன இருட்டில் அந்த டிவியை இறக்கியவர் யாராவது கிடைத்தால், பரணின் பெருமையை அவருடைய முதுகிடம் கேட்டுப் பாருங்கள்.