ஸ்பீட் டெஸ்ட்ல நல்லாத்தானே வருது சார்?

போன மாதம் ஒரு ராத்திரி, நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் பழைய பதிப்புகளை நண்பர்கள் சிலர் ஸ்கேன் செய்து சேர்த்து வைத்திருந்த தொகுப்பை டோரண்டில் இறக்க உட்கார்ந்தேன். மொத்தம் 38 ஜிபி. வீட்டில் இருப்பது 100 எம்பிபிஎஸ் ஃபைபர். காலையில் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். வேகம் நொடிக்கு 40 கிலோபைட்டைத் தாண்டவில்லை. அந்தக் கணக்கில் பதினோரு நாள்.

கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். "ஸ்பீட் டெஸ்ட் எடுங்க சார்" என்றார்கள். எடுத்தேன், 97 வந்தது. "நல்லாத்தானே வருது?" பிறகு குரல் கொஞ்சம் இறங்கி, "டோரண்ட் எல்லாம் எதுக்கு சார் யூஸ் பண்றீங்க?"

அந்தக் கேள்வியோடுதான் எனக்குச் சண்டை. அதற்கு முன்னால் என் பக்கத்துத் தப்புகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்களே கேட்பீர்கள். 100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. பைட்டுக்கு மாற்றினால் அதிகபட்சம் 12.5 எம்பிதான். அது தெரியாமல் பாதிப் பேர் கொதிக்கிறோம். நான் வைஃபையில் இருந்தேன், அதுவும் பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள் எல்லாம் முட்டிக்கொள்ளும் 2.4 கிகாஹெர்ட்ஸில். கேபிளைச் செருகினேன். அப்லோடுக்கு வரம்பு வைக்காமல் விட்டிருந்தேன். மேலே போகும் வழி அடைத்துக்கொண்டால் 'வந்து சேர்ந்தது' என்ற பதில்கூட நேரத்துக்குப் போகாது, அனுப்புகிறவர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்வார். வரம்பை எண்பது சதவீதத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரே நேரத்தில் 500 இணைப்பு என்று போட்டிருந்ததை 100 ஆக்கினேன், நம் வீட்டு ரவுட்டர்களுக்கு அவ்வளவு ஞாபகசக்தி கிடையாது. என்க்ரிப்ஷனையும் போட்டுப் பார்த்தேன். இவ்வளவுக்கும் பிறகு 40 என்பது 90 ஆயிற்று.

அப்போதுதான் பார்த்தேன். பட்டியலில் 14 சீடர்கள் இருந்தார்கள், நான் இணைந்திருந்தது இரண்டு பேரோடு. மீதி 12 பேரிடமும் முழுப் புத்தகக் கட்டும் இருக்கிறது, கணினியும் ஓடுகிறது, என்னால் தொடமுடியவில்லை.

ரவுட்டருக்குள் போய் வெளிமுகவரியைப் பார்த்தேன். 100.72 என்று தொடங்கியது. 100.64-இல் இருந்து 100.127 வரையிலான முகவரிகள் உலகத்துக்குத் தெரியாதவை. இணைய நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் கும்பலாக அடைத்துவைப்பதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்டவை. இதன் பெயர் சிஜிநாட். பெரிய அபார்ட்மெண்டை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆர்டர் செய்த சாப்பாடு வந்தால் வாட்ச்மேன் விடுவார். நீங்கள் கூப்பிடாத ஆள் வந்தால் எந்த ஃப்ளாட் என்றே அவருக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். நான் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டது, கேட் பூட்டிக் கிடக்க என் ஃப்ளாட் கதவை மட்டும் திறந்துவைத்த மாதிரி. இப்படிப் பூட்டிய இரண்டு அபார்ட்மெண்டுக்காரர்கள் ஒருவரையொருவர் சந்திப்பது, சில தந்திரங்கள் தவிர்த்து, நடக்காத காரியம். அந்த 12 பேரில் பெரும்பாலோர் என்னைப் போன்றவர்கள்தான் என்பது என் ஊகம்.

ஸ்பீட் டெஸ்டுக்கு இதெல்லாம் தெரியாது. அது நாம் கூப்பிட்டு நமக்கு வருவதை அளக்கிறது. படம் பார், ரீல்ஸ் பார், வாங்கு: அதற்கு 97. பக்கத்து ஊர்க்காரர் என் வீட்டுக் கதவைத் தட்டமுடியுமா என்று எந்தப் பரிசோதனையும் கேட்பதில்லை. நமக்கு விற்கப்பட்டது இணையம் இல்லை, கொஞ்சம் பெரிய கேபிள் டிவி.

முகவரி தீர்ந்துபோச்சு என்பார்கள். உண்மைதான். பழைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி, ஆசிய பசிபிக் பகுதியின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் ஐபிவி6 எதற்கு இருக்கிறது? அதில் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் கொடுக்கலாம். என் ரவுட்டரில் அதை அணைத்துவைத்துத்தான் கொடுத்திருந்தார்கள். கேட்டபோது, "பப்ளிக் ஐபி வேணும்னா மாசம் தனியா கட்டணும் சார்." ஆக, தீர்ந்துபோகவில்லை, விலைக்கு இருக்கிறது.

டோரண்ட் என்றாலே திருட்டு என்பது அடுத்த வாதம். காலேஜில் நானும் புதுப்படம் இறக்கியவன்தான், யோக்கியன் வேஷம் போடவில்லை. ஆனால் லினக்ஸ் இதிலும் பரவுகிறது. இன்டர்நெட் ஆர்கைவ் 2012 முதல் தன் சேகரத்தை டோரண்டாகவும் தருகிறது. அதே ஆர்கைவை 2017 ஆகஸ்டில் நம் நாட்டில் முடக்கினார்கள். இரண்டு இந்திப் படங்களைப் பாதுகாக்கக் கேட்டு வாங்கிய சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின் பட்டியலில், இரண்டாயிரத்துச் சொச்சம் தளங்களுக்கு நடுவே ஒரு நூலகமும் மாட்டிக்கொண்டது. 2007-இல் அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் போலித் துண்டிப்புச் செய்திகளை அனுப்பி டோரண்ட் இணைப்புகளை அறுத்ததைக் கண்டுபிடித்த ராப் டோபோல்ஸ்கி பகிரப் பார்த்தது என்ன தெரியுமா? உரிமைக்காலம் முடிந்த பழைய நால்வர் குழுப் பாடல்கள். யாரும் தேடாத பழசை வைத்திருக்கிறவன்தான் இதில் எப்போதும் முதலில் அடிபடுகிறான்.

இங்கே சட்டம் இருக்கிறது. 2017-இல் டிராய் பரிந்துரைத்து 2018-இல் அரசு ஏற்ற இணையச் சமநிலை, உள்ளடக்கத்தைப் பார்த்து வேகம் குறைக்கக்கூடாது என்கிறது. ஆனால் என் விஷயத்தில் யாரும் எதையும் குறைக்கவில்லையே. முகவரி தரவில்லை, அவ்வளவுதான். அதற்குச் சட்டத்தில் பெயர் இல்லை.

நம்மையும் திட்டவேண்டும். நூறு சதவீதம் ஆனதும் கிளையண்டை மூடிவிட்டுப் போகிறவர்கள் நாம். கொடுக்கிறவனுக்குக் கொடு என்ற கணக்கில்தான் பிராம் கோஹன் 2001-இல் இதை எழுதினார். இன்று கொடுக்க மனசு இருப்பவனுக்கும் கேட் பூட்டியிருக்கிறது, கொடுக்காதவனுக்கு அது நல்ல சாக்கு.

கடைசியில் காசு கட்டினேன், கசப்போடுதான். பப்ளிக் ஐபி வந்த அன்று போர்ட்டைத் திறந்ததும் ஒன்பது சீடர்கள் தாங்களாகவே உள்ளே வந்தார்கள். நொடிக்கு நாலு எம்பி. மூன்று மணி நேரத்துக்குள் புத்தகங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. நேற்று ராத்திரி யாரோ ஒருவர் ஆறு சதவீதத்தில் வந்து நின்றார். என் அப்லோடு முழுக்க அவருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. வேறு யாரும் அவருக்குக் கிடைக்கவில்லைபோல. கம்ப்யூட்டரை அணைக்காமல் படுத்தேன்.