பூநாரைக்குச் சிவப்புக் காலுறை போட்டது யார்?

கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பஸ்ஸைப் பிடித்தால் ஏரிக்கரைக்குப் போய்விடலாம். குளிர்காலத்துக் காலை என்றால், தூரத்தில் தண்ணீருக்கு மேலே வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரியும். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடு மெல்ல நகரும். அப்போதுதான் அது பறவைக் கூட்டம் என்று புரியும். அவைதான் பூநாரைகள்!

நாலைந்து அடி உயரம். குச்சி குச்சியாகக் கால்கள். வளைந்த அலகு. இந்தப் பறவையைப் பார்க்கும் எந்தக் குழந்தையும் உடனே கேட்பது இதைத்தான்: ‘கால் ஏன் சிவப்பா இருக்கு? ஏன் ஒத்தைக் கால்ல நிக்குது?’

பாம்புகள் வைத்த விருந்து

இதே கேள்விகளுக்கு உருகுவே நாட்டு எழுத்தாளர் ஒராசியோ கிரோகா ஒரு கதையில் பதில் சொன்னார். குழந்தைகளுக்காக அவர் எழுதிய காட்டுக் கதைகள் 1918-ல் புத்தகமாக வந்தன. அதில் ஒரு கதை இது.

ஒருமுறை பாம்புகள் நடன விருந்து வைத்தன. எல்லா விலங்குகளும் விதவிதமாக அலங்காரம் செய்துகொண்டு வந்தன. அப்போது பூநாரைகளின் கால்கள் வெள்ளையாக இருந்தன. போட்டுக்கொள்ளக் காலுறை தேடி, கடை கடையாக ஏறி இறங்கின. எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் ஓர் ஆந்தை, சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட அழகான காலுறைகளைக் கொடுத்தது. ‘ஆட்டத்தை மட்டும் நிறுத்தாதீர்கள்’ என்றும் சொல்லி அனுப்பியது.

விடிய விடிய ஆடிய பூநாரைகள் களைத்துப்போய் நின்றன. அப்போதுதான் பாம்புகள் உற்றுப் பார்த்தன. அவை காலுறைகள் அல்ல, பவளப் பாம்புகளின் தோல்! கோபம் கொண்ட பாம்புகள் கால்களில் கொத்தித் தீர்த்தன. விஷத்தால் கால்கள் சிவந்துவிட்டன. அந்த எரிச்சல் தணியத்தான் பூநாரைகள் இன்றும் தண்ணீரிலேயே நிற்கின்றன; தாங்க முடியாதபோது ஒரு காலைத் தூக்கிக்கொள்கின்றன. கதை சொல்லும் காரணம் இது. அறிவியல் சொல்லும் காரணமும் கதைக்குக் குறைந்ததல்ல.

நிறம் வருவது சாப்பாட்டிலிருந்து!

பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது ரோஜா நிறமாக இருக்காது. சாம்பலும் வெள்ளையுமாக இருக்கும். பாசியையும் சின்னச் சின்ன இறால் வகைகளையும் தின்னத் தின்னத்தான் நிறம் ஏறும். முழு நிறம் வர இரண்டு மூன்று வருடங்கள் ஆகும். அந்தப் பாசியில் இருக்கும் கரோட்டினாய்டு என்ற நிறமிதான் காரணம். கேரட்டுக்கு நிறம் தருவதும் இதே குடும்பம்தான். அம்மா சமைக்கும்போது இறால் சிவப்பாக மாறுகிறதே, அதற்கும் இந்தக் குடும்பத்து நிறமிதான் காரணம். உயிரியல் பூங்காக்களில் இந்த நிறமி இல்லாத தீனி போட்டபோது பூநாரைகள் வெளுத்துப்போயின. அதனால் இப்போது தீனியிலேயே நிறமியைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

ஒற்றைக் காலின் ரகசியம்

2017-ல் அமெரிக்காவில் இரண்டு விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தார்கள். உயிரியல் பூங்காவில் இறந்துபோன பூநாரைகளின் உடலை எடுத்து நிற்கவைத்துப் பார்த்தார்கள். இரண்டு காலில் நிற்கவில்லை. ஒற்றைக் காலில் நிறுத்தினால் மட்டும், பிடித்துக்கொள்ளாமலே நின்றது! ஒற்றைக் காலில் நிற்கும்போது உடல் எடையே மூட்டுகளைச் சரியான நிலையில் இருத்திவிடுகிறது. தசைக்கு வேலையே இல்லை. நாம் ‘பாவம், கால் வலிக்குமே’ என்று நினைக்கிறோம். அதற்கோ அதுதான் ஓய்வு. இன்னொன்று: பின்பக்கம் மடங்கும் முட்டி மாதிரித் தெரிவது முட்டியே அல்ல, கணுக்கால். உண்மையான முட்டி மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது.

அன்னமும் பூநாரையும்

பாலில் தண்ணீர் கலந்து வைத்தால் அன்னம் பாலை மட்டும் பிரித்துக் குடிக்கும் என்று நம் தாத்தா பாட்டிகள் சொல்வார்கள். அப்படிப் பிரிக்கும் பறவையை யாரும் பார்த்ததில்லை. ஆனால் சேற்றுத் தண்ணீரிலிருந்து உணவை மட்டும் பிரிக்கும் பறவை பழவேற்காட்டுக்கே வருகிறது. பூநாரை தலையைக் கவிழ்த்து அலகைத் தண்ணீரில் வைக்கும். நாக்கு அடிபம்பு மாதிரி வேலை செய்து தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போல இருக்கும் வரிசை, உணவை மட்டும் வடிகட்டி நிறுத்திக்கொள்ளும்.

பாலும் உண்டு! கோழிக்குக் கழுத்தடியில் புடைத்துத் தெரியுமே தீனிப்பை, பூநாரைக்கு அந்தப் பகுதியில் சத்தான திரவம் சுரக்கிறது. நிறம் சிவப்பு. குஞ்சின் அலகு முதலில் நேராக இருப்பதால் அதற்கு வடிகட்டத் தெரியாது. அதனால் அம்மா, அப்பா இருவரும் இந்தப் பாலை ஊட்டுகிறார்கள். ஊட்ட ஊட்டப் பெற்றோரின் நிறம் வெளுத்துவிடும்!

ஏரியின் நிறம்

பூநாரைகள் நம் நாட்டில் பெரும்பாலும் குஜராத்தின் கட்ச் பாலைச் சதுப்பில்தான் முட்டையிடுகின்றன. பழவேற்காட்டுக்கு வருவது சாப்பிட. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. தமிழகப் பகுதி 1980-லேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இந்த ஏரி உயிரோடிருக்கக் கடல் நீர் உள்ளே வந்து போக வேண்டும். முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் அந்தப் போக்குவரத்து நின்றுவிடும். கோடையில் நீர் வற்றி உப்பு ஏறும். இறாலும் மீனும் குறையும். ஏரியை நம்பி வலை வீசும் மீனவக் குடும்பங்களுக்கு அன்றைக்கு அடுப்பெரிவதே கஷ்டம். ஆரணியாறு வந்து சேருவதும் இந்த ஏரியில்தான். ஊர்க் கழிவும் தொழிற்சாலைக் கழிவும் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடப்பட்டால், அதுவும் ஏரிக்குத்தான் வரும். சேற்றிலுள்ள பாசியும் இறாலும் கெட்டால், மீனவர் வீட்டுச் சாப்பாட்டுக்கும் பூநாரையின் நிறத்துக்கும் ஒரே நேரத்தில் ஆபத்து.

அதனால் பழவேற்காடு போனால் பைனாகுலரை எடுத்துப் போங்கள். போட்டோவுக்காகப் படகைக் கூட்டத்துக்குள் விடச் சொல்லாதீர்கள், ட்ரோனும் வேண்டாம். ஒவ்வொரு முறை மிரண்டு பறக்கும்போதும் அவற்றின் சாப்பாட்டு நேரம் போகிறது, சேர்த்த தெம்பும் போகிறது.

கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றால், அது நோய்வாய்ப்பட்ட பறவை என்று நினைக்க வேண்டாம். இன்னும் நிறம் ஏறாத இளம் பறவையாக இருக்கும். பழவேற்காட்டு இறாலைத் தின்று அது சிவக்கட்டும்!

இந்த வார வேலை: உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு பறவைக் கதை கேளுங்கள். காக்கா, குயில், ஆந்தை எதுவானாலும் சரி. கேட்டபின் அந்தப் பறவையைப் பத்து நிமிடம் கவனியுங்கள். கதையில் எது நிஜம், எது கற்பனை என்று நோட்டில் எழுதிவையுங்கள்.