காசு நம்முடையது, சாவி யாருடையது?



சென்ற இதழில் வற்றல், வடாம் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை விஷயம் அடுப்பங்கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, கூடத்து மூலையில் இருக்கும் கம்ப்யூட்டர் மேஜைக்குப் போகிறது. "பையன்கள் ஆடுகிற கேமைப் பற்றி நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நானும் அப்படி அலட்சியமாகத்தான் இருந்தேன். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளையிடம் அநியாயமாக நடந்து கொண்டு விட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் சின்னவன் 11-ம் வகுப்பு படிக்கிறான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தாத்தாவும் மாமாவும் கொடுத்த பணத்தைச் சேர்த்து வைத்து, 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு கார்ப் பந்தய கேம் வாங்கினான். கடையில் டப்பாவாக வாங்கியதல்ல. நெட்டிலேயே பணம் கட்டி இறக்கிக் கொண்டது. அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு, ஞாயிறு மாலை 3 மணியிலிருந்து 5 மணி வரை ஆடலாம், அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம்.

அந்த ஞாயிறும் வந்தது. சரியாக 3 மணிக்கு உட்கார்ந்தான். நான் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக் கொண்டிருந்தேன். அவ்வப்போது திரும்பிப் பார்த்தால் திரை முன்னால்தான் இருக்கிறான். மணி 5 அடித்ததும், "எழுந்திருடா, நேரமாச்சு" என்றேன்.

"அம்மா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லைம்மா. கனெக்டே ஆகலை."

"ரெண்டு மணி நேரமா அதையேதானே முறைச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கே? எனக்கென்ன கண் தெரியாதா?"

"சத்தியமா ஒரு நிமிஷம்கூட ஆடலைம்மா!"

நான் கேட்கவில்லை. போய் சுவிட்சை அணைத்தேன். அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். ராத்திரி சாப்பிடவும் வரவில்லை. "பார்த்தீங்களா, கேம் பைத்தியம் எவ்வளவு முத்திப் போச்சுன்னு! இனி ஒரு மாசத்துக்கு அதைத் தொடவே கூடாது" என்று என் கணவரிடம் தீர்ப்பும் சொல்லி விட்டேன்.

மூத்தவள் கல்லூரி விடுதியில் தங்கிக் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அன்று ராத்திரி போன் செய்தபோது அவளிடமும் புலம்பினேன். அவள் கொஞ்ச நேரம் எதையோ தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, தம்பி பொய் சொல்லலை. அந்தக் கம்பெனியோட சர்வரே மத்தியானத்திலேர்ந்து வேலை செய்யலையாம். அவன் என்ன பண்ணுவான், பாவம்!"

சர்வர் என்றால் எனக்கு ஓட்டலில் இட்லி கொண்டு வந்து வைக்கிறவர்தான் ஞாபகத்துக்கு வருவார். இது வேறு சர்வராம். கேம் கம்பெனிக்காரர்கள் எங்கோ வைத்திருக்கும் பெரிய கம்ப்யூட்டர்.

"கேம் நம்ம வீட்டுலதாம்மா இருக்கு. ஆனா ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்தக் கம்ப்யூட்டர்கிட்ட 'உள்ளே வரலாமா?'ன்னு அனுமதி கேட்கும். அங்கேர்ந்து சரின்னு பதில் வந்தாத்தான் திறக்கும். சிலதுல நடுவிலே நெட் போனாலும் வெளியே தள்ளிடும்."

"நாலு பேரோட சேர்ந்து ஆடினா நெட் வேணும், சரி. தனியா உட்கார்ந்து தன் காரைத் தானே ஓட்டறதுக்கு எதுக்குடி?"

"அதைத்தாம்மா உலகம் பூரா கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்று சிரித்தாள்.

பக்கத்தில் படுத்திருந்த என் மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டுதான் இருந்தார். "நல்லா இருக்கே நியாயம்! சொந்த வீட்டுத் திண்ணையிலே உட்கார ஊர் நாட்டாமையைக் கேட்கணுமா? என் அம்மா கொடுத்த பல்லாங்குழி இன்னிக்கும் பரண்லே இருக்கு. எடுத்து வெச்சா ஆடலாம். அது யாரை உத்தரவு கேட்குது?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளையின் காசும் போய், அவனுக்கென்று ஒதுக்கிய 2 மணி நேரமும் போய், அம்மாவிடம் திட்டும் வாங்கியிருக்கிறான்! மறுநாளே மகளிடம் இன்னும் விவரமாகக் கேட்டுத் தெரிந்து கொண்டேன். கேட்கக் கேட்க, அவனைப் போல் ஏமாந்தவர்கள் உலகத்தில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்று புரிந்தது.

2012-ம் வருஷம் மே மாதம் 15-ந்தேதி 'டயாப்லோ 3' என்ற கேம் வெளிவந்தது. பல வருஷமாகக் காத்திருந்தவர்கள் ஆவலோடு திறந்தால், 'பிழை 37: சர்வர்கள் நெரிசலாக உள்ளன' என்ற அறிவிப்புதான் வந்ததாம். தனியாக ஆட நினைத்தவர்களும் வாசலிலேயே நிற்க வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் அதே கேமை டி.வி.யோடு இணைத்து ஆடும் கருவிகளுக்கு வெளியிட்டபோது, நெட் இல்லாமலே ஆட முடிந்தது. அப்படியானால் முதலில் மட்டும் ஏன் முடியவில்லை?

2013 மார்ச்சில் 'சிம்சிட்டி' வந்தது. வீடு, ரோடு, தண்ணீர்க் குழாய் எல்லாம் போட்டு நாமே ஒரு நகரத்தை உருவாக்கும் கேம். ரொம்ப அழகான விளையாட்டு என்றாள் மகள். அதற்கும் எப்போதும் நெட் தேவை. வெளிவந்த முதல் வாரத்தில் கூட்டம் தாங்காமல் சர்வர்கள் திணறின. பணம் கொடுத்தவர்கள் உள்ளே போக முடியவில்லை. கஷ்டப்பட்டுக் கட்டிய நகரம் காணாமல் போனவர்களும் உண்டு. கம்பெனி வேறொரு கேமை இலவசமாகக் கொடுத்துச் சமாதானம் செய்தது. கணக்குகளை எல்லாம் எங்கள் சர்வர்தான் போடுகிறது, அதனால் நெட் இல்லாமல் நடக்காது என்றும் சொன்னார்கள். ஆனால் ஒரு வருஷம் கழித்து, 2014 மார்ச்சில், நெட் இல்லாமலே ஆடும் வசதியை அவர்களே கொடுத்தார்கள்! முடியாது என்றது எப்படி முடிந்தது?

2022 மார்ச்சில் 'கிரான் டூரிஸ்மோ 7' என்ற கார்ப் பந்தய கேமில், பராமரிப்பு என்று சொல்லி நிறுத்திய சர்வர் திரும்பி வர 30 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தனியாக ஆடும் பகுதிகளிலும் பெரும்பாலானவை அதுவரை திறக்கவில்லை.

இதெல்லாம் சில மணி, சில நாள் சங்கடம். இன்னொன்றைக் கேளுங்கள். 'தி க்ரூ' என்ற பந்தய கேம் 2014 டிசம்பரில் வந்தது. 2024 மார்ச் 31-ந்தேதி அதன் சர்வரை நிறுத்தி விட்டார்கள். அவ்வளவுதான்! காசு கொடுத்து வட்டு வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களாலும் அதற்குப் பிறகு தனியாகக்கூட ஆட முடியவில்லை. பத்து வருஷம் உழைத்த மிக்ஸி தேய்ந்து போனால் மனசு ஆறும். நன்றாக ஓடுகிற மிக்ஸியைக் கடைக்காரர் தன் கடையில் இருந்தபடியே நிறுத்தி விட்டால் நாம் சும்மா இருப்போமா?

கம்பெனிகள் ஏன் இப்படிச் செய்கின்றன? அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. திருட்டுத்தனமாக நகல் எடுத்து ஆடுகிறவர்களைத் தடுக்க வேண்டும். போட்டியில் தில்லுமுல்லு செய்கிறவர்களைப் பிடிக்க வேண்டும். அதோடு கேமுக்குள்ளேயே புதுச் சட்டை, புதுக் கார் என்று விற்கும் வியாபாரமும் இருக்கிறது. வெளியூரில் இருக்கும் நண்பர்களோடு சேர்ந்து ஆடும் கேமுக்கு நெட் வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் திருடனுக்குப் பயந்து போடும் பூட்டு, காசு கொடுத்தவனையே வெளியே நிறுத்தினால் எப்படி?

வாயைத் திறந்து கேட்டால் பலன் உண்டு என்பதையும் தெரிந்து கொண்டேன். 2013-ல் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' கருவியை அறிவித்தபோது, 24 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது நெட்டில் சேர்ந்தே ஆக வேண்டும் என்றார்கள். வாங்க இருந்தவர்கள் போட்ட சத்தத்தில், ஜூன் 19-ந்தேதியே அந்த நிபந்தனையை வாபஸ் வாங்கி விட்டார்கள். 'தி க்ரூ' போன பிறகு, விற்ற கேமைச் செல்லாக்காசாக்கக் கூடாது என்று ஐரோப்பாவில் ஒரு மனு இயக்கம் நடந்தது. 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டமே கொண்டு வந்திருக்கிறது. பின்னால் பறித்துக்கொள்ளக் கூடிய கேம், சினிமா போன்றவற்றை விற்கும்போது, 'இது உங்களுக்குச் சொந்தமல்ல, உபயோகிக்க அனுமதி மட்டுமே' என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற வார்த்தையைப் போடக் கூடாதாம்.

சொந்தமல்ல, அனுமதி மட்டும்! வாடகை வீட்டுக்கும் சொந்த வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா? வாடகை என்று தெரிந்து குடிபோனால் வருத்தமில்லை. சொந்தம் என்று நம்பிப் பணம் கொடுத்த பிறகு வாடகை என்று தெரிந்தால்தான் வயிறு எரிகிறது.

இனி, அனுபவப்பட்டவள் என்ற முறையில் அம்மாக்களுக்குச் சில யோசனைகள்:

1. பிள்ளை ஒரு கேமைக் கேட்டால், விலையை விசாரிக்கும் முன் "தனியா ஆடினாலும் இதுக்கு எப்பவும் நெட் வேணுமா?" என்று கேளுங்கள். விற்கும் பக்கத்திலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். பொடி எழுத்தில் இருக்கலாம். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு படியுங்கள்.

2. புதிதாக வந்த அன்றே வாங்க வேண்டாம். சர்வர் நெரிசல் எல்லாம் ஆரம்பத்தில்தான் அதிகம். பொறுத்து வாங்கினால் மற்றவர்கள் பட்ட பாடு தெரியும். பல சமயம் விலையும் குறையும்.

3. திருப்பிக் கொடுக்கும் விதிகளைத் தெரிந்து கொள்ளுங்கள். உதாரணமாக, 'ஸ்டீம்' என்ற கடையில், வாங்கிய 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நாள் தவறினால் கஷ்டம்.

4. ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே ஆடக்கூடிய கேம்களும் ஏராளம். 'ஜி.ஓ.ஜி.' என்ற கடை அப்படிப் பூட்டு இல்லாத கேம்களுக்கென்றே பெயர் பெற்றது. அடிக்கடி கரண்ட் போகிற ஊர்க்காரர்களுக்கும், மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்து போகிறவர்களுக்கும் இவைதான் தோது.

5. இதுதான் முக்கியம். பிள்ளை திரை முன்னால் இருக்கும் நேரமெல்லாம் ஆடுகிற நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். கோபப்பட்டால் உடனே 'பைத்தியம் பிடித்து விட்டது' என்று முடிவு கட்டாதீர்கள். ரேஷன் கடையில் வரிசையில் நின்று, நம் முறை வரும்போது 'மெஷின் வேலை செய்யலை, நாளைக்கு வாங்க' என்றால் நமக்கு வராத கோபமா? முதலில் "என்னடா ஆச்சு?" என்று கேளுங்கள். திட்டுவதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

அதற்காக நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இப்போதும் 2 மணி நேரம்தான். ஆனால் சர்வர் கதவைத் திறக்காத நேரம் கணக்கில் சேராது. 15 நிமிஷம் முயற்சி செய்து நடக்காவிட்டால் எழுந்துவிட வேண்டும். அன்றைய பாக்கி அடுத்த நாளுக்கு வரும். இந்த விதியைச் சொன்னதும் சின்னவன், "இதைச் சட்டமாப் போட்டுடும்மா" என்றான்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேனா என்கிறீர்களா? கேட்டேன். மறுநாள் காலையில் அவன் தட்டில் தோசையைப் போட்டுக் கொண்டே, "நேத்து நீ சொன்னதை நான் நம்பியிருக்கணும்டா" என்றேன். அவன் தலை நிமிராமல், "பரவாயில்லைம்மா, இன்னொரு தோசை" என்றான். அதுதான் அவன் மன்னித்த அடையாளம்!

அந்தக் கேமுக்கு அடுத்த வாரம் உயிர் வந்துவிட்டது. ஆடுகிறான். ஆனால் அடுத்து வாங்கப் போவதற்கு இப்போதே பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'நெட் வேண்டும்', 'வேண்டாம்' என்று குறித்து வைத்திருக்கிறான். 2,000 ரூபாய் கொடுத்துக் கற்ற பாடம்.

போன வாரம் சாயந்திரம் கரண்ட் போய் ஒரு மணி நேரம் வரவில்லை. மாமியார் பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கச் சொன்னார். பேரனும் பாட்டியும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்தார்கள். சோழிகளை அள்ளிக் கொண்டே அவன், "பாட்டி, கனெக்ட் ஆயிடுச்சு!" என்றான்.

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்ததுண்டா? எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.