கும்மிக்கு எதற்கப்பா இத்தனை பாக்ஸ்?



நேற்று எங்கள் ஊர்க் கோயில் திடலில் வள்ளி கும்மி. ஆளுயர ஸ்பீக்கர் பாக்ஸ் அதிர்ந்ததில் ஒரு வரிகூட விளங்கவில்லை. நடுவில் கரண்ட் போனது. பத்து நிமிஷம் வாத்தியார் குரலும், ஜமாப் அடியும், கைத்தட்டும் மட்டும்தான். ஓரமாக உட்கார்ந்திருந்த பாட்டிமார்கூட எழுந்து ஆடினார்கள்!

"பாக்ஸ் இல்லைன்னா கூட்டம் வராதுங்க சார்" என்கிறார்கள் கமிட்டித் தம்பிகள். நேற்று யாராவது எழுந்து போனார்களா?

பெண்களுக்கும் கும்மி சொல்லிக்கொடுத்த பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்த மரியாதை கலைக்கு, பாக்ஸுக்கு அல்ல.

நாளெல்லாம் பவர் டேபிளில் மிஷின் இரைச்சல் கேட்ட காதுக்குச் சாயங்காலமும் இரைச்சல்தானா? அடுத்த அரங்கேற்றத்துக்கு வாத்தியாருக்கு ஒரு மைக் போதும். பாக்ஸ் வாடகையை அவர் கையில் கொடுங்கள்.