தீபச் சந்தையில் ஒரு கருவிப் பந்தல்

கார்த்திகை தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையில் விலை பேசுவதை வெளியூர்க்காரர்கள் நின்று பார்ப்பார்கள். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டுக்கொள்வார். வாங்க வந்தவரின் கை துண்டுக்குள் போகும். விரல்கள் பிடிபடும், விடுபடும், மறுபடி பிடிபடும். வாய் ஒரு வார்த்தை பேசாது. அதற்கு முன்பே பல்லைப் பிடித்துப் பார்த்தாகிவிட்டது, சுழி பார்த்தாகிவிட்டது, பத்தடி நடக்கவிட்டுக் கால் ஊன்றுவதைப் பார்த்தாகிவிட்டது. அந்தப் பக்கம் குதிரைகள் கட்டியிருக்கும். எதிரே சாக்கு விரித்து மூக்கணாங்கயிறு, கழுத்து மணி, சலங்கை, சாட்டை என்று பரப்பியிருப்பார்கள். தொட்டுப் பார்க்காமல், நடக்கவிட்டுச் சோதிக்காமல் அங்கே யாரும் ஒரு ரூபாய் கொடுப்பதில்லை.

இதே விவசாயி களை எடுக்கும் கருவியோ மல்லாட்டை (நிலக்கடலை) ஆயும் மெஷினோ வாங்க நினைத்தால், தன் கையால் ஓட்டிப் பார்த்து வாங்க அவருக்கு முறையான இடம் இல்லை. வண்ணப் படம் போட்ட துண்டுப் பிரசுரம் கிடைக்கும், செல்போனில் வீடியோ கிடைக்கும். மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல மெஷினுக்குப் பல் பார்க்க வழி வேண்டாமா? தீபத் திருவிழா நாட்களில், மாட்டுச் சந்தையை ஒட்டியே, ஆண்டுதோறும் கருவிக் கண்காட்சி ஒன்றை மாவட்ட நிர்வாகமும் வேளாண் பொறியியல் துறையும் சேர்ந்து நடத்த வேண்டும். உள்ளூர்ப் பட்டறைக்காரரும் மாணவரும் விவசாயியும் தாங்கள் செய்ததை அங்கே கொண்டுவந்து ஓட்டிக்காட்ட வேண்டும்.

கூட்டம் கூடும் இடத்தில் புதிய பொருளைக் காட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு உலகக் கண்காட்சிகளின் கதையே சாட்சி. 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த கண்ணாடி மாளிகையில் நடந்ததுதான் அந்த வரிசையில் முதல் பெரிய கண்காட்சி. ஐந்தரை மாதத்தில் ஏறக்குறைய 60 லட்சம் பேர் வந்து போனார்கள். தொடக்கத்தில் நுழைவுக் கட்டணம் சீமான்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகிற அளவில் இருந்தது. மே மாதக் கடைசியில் வாரத்தில் நான்கு நாட்களுக்கு ஒரு ஷில்லிங் என்று குறைத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆலைத் தொழிலாளியும் கிராமத்துக் குடியானவரும் சிறப்பு ரயில் பிடித்து வந்தார்கள். செலவு போக மிஞ்சிய 1,86,000 பவுண்டில் தெற்குக் கென்சிங்டனில் நிலம் வாங்கினார்கள். லண்டனின் அறிவியல் அருங்காட்சியகம் உட்படப் பல நிறுவனங்கள் இன்றும் அந்த நிலத்தில்தான் நிற்கின்றன.

1854இல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் மேடை ஒன்றின் மேல் ஏறி நின்று தன்னை உயரத் தூக்கச் சொன்னார். பிறகு மேடையைத் தாங்கிய கயிற்றைக் கோடரியால் வெட்டச் சொன்னார். கயிறு அறுந்தது. மேடை கொஞ்சம் இறங்கி, பக்கவாட்டுப் பற்களில் சிக்கி, அப்படியே நின்றது. கயிறு அறுந்தாலும் விழாத லிப்ட் என்பதை ஆயிரம் பக்கம் எழுதிப் புரியவைத்திருக்க முடியாது. 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் கிரகாம் பெல் தன் தொலைபேசியைக் கல்விப் பிரிவின் மூலையில் வைத்திருந்தார். வெயிலில் அலைந்து களைத்த நடுவர்கள் அவரிடம் வராமலே போயிருப்பார்கள். காதுகேளாதோருக்குப் பாடம் சொல்லும் ஆசிரியராக அவரை முன்பே அறிந்திருந்த பிரேசில் பேரரசர் இரண்டாம் பெட்ரோ அடையாளம் கண்டு பக்கத்தில் போனார். நடுவர்களும் பின்னால் வந்தார்கள். பார்க்கத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தது அந்தக் கருவிக்கு வாய்த்த பெரும்பேறு.

திருவண்ணாமலைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டியது 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சி. ஓட்டோ நிறுவனத்தார் அங்கே சிறிய டீசல் எஞ்சின் ஒன்றை வைத்திருந்தார்கள். பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டபடி அதை அவர்கள் ஓட்டிக்காட்டியது மல்லாட்டை எண்ணெயில். எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யவில்லை. எந்தச் சிரமமும் இல்லாமல் அது ஓடியதால் வேறு எண்ணெய் என்பதையே வெகு சிலர்தான் கவனித்தார்கள் என்று ருடால்ப் டீசலே பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார். மல்லாட்டை விளையும் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில், அந்த மண்ணின் எண்ணெயிலேயே எஞ்சின் ஓட்டலாம் என்பது பிரெஞ்சு அரசின் கணக்கு.

அதே காலத்தில் திருவண்ணாமலை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டம் முழுக்க மல்லாட்டைக் கொல்லைதான். இங்கே விளைந்த பருப்பு புதுச்சேரியில் கப்பலேறி மார்செய் துறைமுகத்துக்குப் போய், அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. விளைவித்தவருக்கு அந்த எஞ்சினைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கொல்லைக்கும் கண்காட்சிக்கும் நடுவே அப்போது ஒரு கடல் இருந்தது. இன்று கடல் இல்லை. ஆனாலும் அறுவடைக் காலத்தில் செங்கம் பக்கம் போனால், புளியமர நிழலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, பிடுங்கிய செடியை மடியில் போட்டுக் கையாலேயே காய் ஆய்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். விரல் நுனியில் மண்ணும் சாறும் சேர்ந்து கறுத்திருக்கும். அந்தக் கைகளுக்கு ஓய்வு கொடுக்கும் மெஷினை எங்கோ ஒரு பட்டறையில் யாரோ செய்துகொண்டிருக்கக்கூடும். இருவரும் சந்திக்க ஒரு பந்தல் தேவை.

சந்திப்பு நடக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே வலிக்கிற உதாரணம் இருக்கிறது. 1950 ஜனவரியில் சென்னை தேனாம்பேட்டையில் நடந்த கண்காட்சியில் பி. சிவகுமாரன் என்ற மின்பொறியியல் மாணவர் தொலைக்காட்சியைச் செய்துகாட்டினார். ஓர் எழுத்தைக் கருவி வருடியது. அதன் உருவம் குழாய்த் திரையில் தெரிந்தது. இந்தியாவில் இதுவே முதல் முறையாக இருக்கக்கூடும் என்று பத்திரிகைச் செய்தி வந்தது. அமெரிக்காவில் 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியின் தொடக்க விழாவை ஆர்.சி.ஏ. நிறுவனம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பி, அங்கிருந்தே ஒரு தொழிலை வளர்த்தெடுத்தது. டெல்லிக்குத் தொலைக்காட்சி 1959இல் வந்தது. சென்னைக்கு 1975இல் வந்தது. தேனாம்பேட்டையில் எழுத்து தெரிந்த நாளிலிருந்து சரியாக ஒரு தலைமுறை கழித்து! மாணவர் செய்யவேண்டியதைச் செய்துவிட்டார். பக்கத்தில் வந்து நின்று, உனக்கு இன்னும் என்ன வேண்டும் என்று கேட்க ஒரு பெட்ரோ இல்லை.

ஆகவே பந்தல் போட்டு, திறப்பு விழா நடத்தி, சான்றிதழ் கொடுத்து அனுப்புவதோடு முடித்துவிடக் கூடாது. வாழவச்சனூர் வேளாண் கல்லூரிப் பேராசிரியர்கள், ஆரணிப் பொறியியல் கல்லூரிக்காரர்கள், கடன் கொடுக்கும் அதிகாரம் உள்ள வங்கி மேலாளர், காப்புரிமை விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் ஆகியோர் பந்தலில் நாள் முழுக்க இருக்க வேண்டும். தேர்வு பெற்ற கருவியை அடுத்த ஆண்டுக்குள் பத்து கிராமங்களில் ஓட்டிப் பார்த்து, அதன் முடிவை மறு கண்காட்சியில் எழுதி வைக்க வேண்டும். ஓடாத மெஷினுக்குப் பந்தலில் இடம் கொடுக்கக் கூடாது. படத்துக்கும் பிளெக்ஸ் பலகைக்கும் இடமே வேண்டாம்.

ஊர் ஏற்கெனவே திணறுகிறதே, இதில் இன்னொரு கூட்டமா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். மகாதீபத்தன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலைகளாகத்தான் தெரியும். 2024 டிசம்பரில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போன துயரத்துக்குப் பிறகு மலையடிவாரத்தில் கூடுதலாக ஒரு கொட்டகை போடுவதைக்கூட யாரும் ஏற்க முடியாது. அதனால்தான் கோயிலை ஒட்டி வேண்டாம், மலைச் சரிவின் பக்கம் வேண்டவே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நகருக்கு வெளியே, சமதளத்தில், கொடியேற்றம் முதல் தேர் வரையிலான நாட்களில் நடத்தலாம். மகாதீபத்துக்கு முன்பே பந்தலை மூடிவிடலாம். மாட்டுச் சந்தைக்கு வருகிறவர்கள் எப்படியும் சில நாட்கள் தங்குகிறார்கள். புதிதாக யாரையும் வரவழைக்க வேண்டியதில்லை.

கூட்டத்தையே கண்காட்சியின் பாடமாகவும் ஆக்க முடியும். 1851இல் கண்ணாடி மாளிகையில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் தண்ணீர் அடித்துப் போகும் கழிப்பறைகளை அமைத்தார். ஒரு பென்னி கட்டணம். 8,27,280 பேர் அவற்றைப் பயன்படுத்தியதாகக் கணக்கு இருக்கிறது. மக்கள் வீட்டில் இல்லாத வசதியை முதன்முதலாகக் கண்காட்சியில் அனுபவித்தார்கள். பிறகு தங்கள் ஊரிலும் கேட்கத் தொடங்கினார்கள். லட்சக்கணக்கானோர் நடக்கும் கிரிவலப் பாதையில் ஒரு பெண் இரவு முழுக்கச் சிறுநீரை அடக்கிக்கொண்டு நடக்கிற நிலை இருக்கும்வரை, குறைந்த தண்ணீரில் சுத்தமாக இயங்கும் கழிப்பறையைவிட அவசரமான கண்டுபிடிப்பு இந்த ஊருக்கு வேறில்லை. அதைச் செய்பவர்களைக் கூப்பிட்டு, திருவிழாக் கூட்டத்திலேயே வைத்து, தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

கோவையில்தான் பெரிய தொழிற்கண்காட்சிகள் நடக்கின்றனவே என்று இன்னொரு மறுப்பு வரும். கோவைக்கு அது ஒரே நாளில் வந்துவிடவில்லை. அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடுவின் பெயரில் நிரந்தரத் தொழிற்கண்காட்சி இருக்கும் ஊர் அது. மெஷினைப் பிரித்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அங்கே பட்டறை வைத்தார்கள். கீழ்பென்னாத்தூரில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் பஸ் ஏறிக் கோவை போகமாட்டார். தீபத்துக்குக் குடும்பத்தோடு அண்ணாமலையார் கோயிலுக்கு வருவார். அவர் வருகிற இடத்துக்குத்தான் கருவி போக வேண்டும். சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் பிரெஞ்சுக்காரர் டூபானிடம் படக்கருவி வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்தபோது செய்தது இதைத்தான். சினிமா கிராமத்துக்கு வந்து சேர்ந்த வழி அது.

உலகக் கண்காட்சிகளிடம் கற்கக் கூடாததும் உண்டு. 1904இல் செயின்ட் லூயி கண்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் மக்களைக் குடிசை போட்டு உட்கார வைத்து வேடிக்கை காட்டினார்கள். 1855இல் சென்னையில் கம்பெனி அரசு நடத்திய கண்காட்சியும் தென்னிந்தியாவில் எடுத்துக்கொள்ள என்னென்ன கச்சாப் பொருள் கிடைக்கும் என்று கணக்கெடுக்கும் நோக்கத்தோடு நடந்ததே. திருவண்ணாமலைப் பந்தலில் ஜவ்வாது மலை மக்களை அலங்கரித்து மேடையில் ஆடவிட்டு அனுப்பிவிடக் கூடாது. அவர்களுக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது. அவர்கள் விளைவிக்கும் சாமையின் மணி மிகச் சிறியது. உமி நீக்குவது பெரும்பாடு. பெரிய ஆலைக்குக் கொண்டுபோனால் மலையில் இருந்து இறக்கும் செலவு விலையைத் தின்றுவிடுகிறது. மலையிலேயே வைத்து ஓட்டும் சிறிய மெஷின் எது என்று கேட்டு, தங்கள் சாமையையே போட்டுச் சோதித்து, நல்லது கெட்டது சொல்லும் நடுவர்களாக அவர்கள் பந்தலில் உட்கார வேண்டும். ஆரணிப் பட்டு நெசவாளரும், வந்தவாசியில் கோரைப் பாய் முடைபவரும் அப்படியே. குனிந்து குனிந்து எந்த வேலையில் இடுப்பு வலிக்கிறது என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும்.

நுழைவுக் கட்டணம் கூடாது. கட்டணத்தைக் குறைத்த பிறகுதான் லண்டனில் ஜனம் வந்தது. கடைகளுக்கு வாங்கும் வாடகையில் மிச்சம் பிடித்து, தேர்வு பெற்ற கருவிகளை ஆண்டு முழுக்க வைத்திருக்க ஐ.டி.ஐ. வளாகத்தில் ஒரு கூடம் கட்டலாம். மாணவர்கள் பிரித்துப் பூட்டிப் பழகட்டும்.

ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போட முடியாது. மல்லாட்டை பிடுங்கும் மெஷினையும் ஆயும் மெஷினையும் சிமென்ட் தரையில் நிறுத்திக் காட்டிப் பயனில்லை. பந்தலை ஒட்டி அரை ஏக்கரிலாவது பயிர் நிற்க வேண்டும். ஏறக்குறைய 105 நாள் பயிர் அது. ஆவணித் தொடக்கத்தில் விதை போட்டால்தான் கார்த்திகையில் பிடுங்கும் பதத்துக்கு வரும். நிலம் பார்த்து உழுது போடவும், பட்டறைகளுக்குச் சொல்லி அனுப்பவும் ஒரு மாதம் வேண்டும். ஆகவே மாவட்ட ஆட்சியரின் உத்தரவு ஆடி பிறக்கும்போது கையில் இருக்க வேண்டும்.