'லாம்' வேறு, 'வேண்டும்' வேறு!

நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. “ஸ்டேஷனுக்கு வா!” என்கிறது ஒரு குரல். “எதற்காக?” என்று கேட்டால், “அங்கே வந்து தெரிந்துகொள்!” என்பதே பதில். தோழர்களே, அந்த ஒரு பதிலிலே சட்டம் செத்துவிடுகிறது என்பதை அறிவீர்களா?

வாரண்டு என்பது யாது? நீதிபதி கையொப்பமிட்டு, நீதிமன்ற முத்திரை பதித்து, எழுத்தில் தரும் ஆணை. அதன் சாரத்தைக் காவலர் கூறவேண்டும், கேட்டால் காட்டவேண்டும். லத்திக்கும் ஏழையின் முதுகுக்கும் இடையே நீதிபதி ஒருவர் நிற்கிறார் என்பதற்கு அத்தாட்சி அந்தத் தாள்!

கொலை, கொள்ளை, திருட்டு போன்றவற்றில் வாரண்டின்றியே கைது செய்யலாம் என்கிறது சட்டம். ஆம், செய்யலாம் என்றுதான் கூறுகிறது. செய்தே தீரவேண்டும் என்று கூறவில்லை. 'லாம்' என்பதை 'வேண்டும்' என்று படிப்பது அடக்குமுறையாளரின் இலக்கணம்!

கைது செய்யும் அதிகாரம் இருப்பது வேறு, கைது செய்வதற்கு நியாயம் இருப்பது வேறு என்று உச்சநீதிமன்றம் 1994இல், ஜோகிந்தர் குமார் வழக்கில் உரைத்தது. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில், கைது ஏன் தேவை என்பதற்குக் காரணம் எழுதப்படவேண்டும். தேவையில்லையேல் ஆஜராகும்படி நோட்டீசு தரவேண்டும். மீறும் அதிகாரி நடவடிக்கைக்கு ஆளாவார் என 2014இல், அர்னேஷ் குமார் வழக்கில் ஆணையிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள, தமிழன் நாவில் நுழையாப் பெயர் தாங்கிய 'பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா'வின் 35ஆம் பிரிவும் இதனையே பேசுகிறது.

“குற்றவாளிக்குப் பரிந்து பேசுகிறாயா?” என்பர் சிலர். பிடிபட்டவனெல்லாம் குற்றவாளி என்றால், நீதிமன்றம் எதற்கு? நீதிபதி எதற்கு?

அரசியல் சட்டத்தின் 22ஆம் விதி, காரணம் கூறு, வழக்கறிஞரைக் காண விடு, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்து என்கிறது. அதே விதியின் மூன்றாம் உட்பிரிவோ, தடுப்புக் காவலில் வைக்கப்பட்டோருக்கு இவை இல்லை என்கிறது! ஒரு கையால் தந்து மறு கையால் பறிக்கும் விந்தை! சென்னை மாகாணச் சிறையிலிருந்து ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கு 1950இல் தோற்றது. 1976இல், நெருக்கடி நிலையின்போது, மிசா கைதி நீதிமன்றக் கதவைத் தட்டவும் உரிமையில்லை என்றனர் நீதிபதிகள் நால்வர். மறுத்து நின்றவர் எச்.ஆர். கன்னா ஒருவரே!

தோழர்களே, சட்டப் புத்தகத்தில் உறங்கும் உரிமை, கேட்பவன் குரலில்தான் விழித்தெழும். படிப்பகச் சுவர்தோறும் எழுதி வையுங்கள்: “வாரண்டு எங்கே? இல்லையேல், காரணம் என்ன? எந்த மணிக்கு நீதிபதி முன் நிறுத்துவீர்?” அண்டை வீட்டான் அழைத்துச் செல்லப்படும்போது, அவன் எக்கட்சியினன் ஆயினும், கூடவே செல்லுங்கள், கேளுங்கள். கேட்க ஒருவன் இருக்கும் தெருவில், நள்ளிரவுக் கதவு அவ்வளவு எளிதாகத் தட்டப்படாது!