வாடகைக் காரும் பெர்னூலியின் வணிகரும்

அமெரிக்க விமான நிலையங்களில் வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒரு கேள்வியைக் கடந்துதான் சாவியைப் பெற முடியும். "இன்சூரன்ஸ் சேர்த்துக்கொள்கிறீர்களா?" பதினெட்டு மணி நேரம் விமானத்தில் வந்து, தூக்கம் கெட்டு, பெட்டிகளையும் குழந்தைகளையும் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு, பின்னால் நீளும் வரிசையின் பெருமூச்சைக் கேட்டபடி இதற்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். "அத்தனையும் பகற்கொள்ளை, ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடு" என்பது ஒரு கட்சி. "அந்நிய மண்ணில் எதற்கு வம்பு, எல்லாவற்றையும் போட்டுக்கொள்" என்பது இன்னொன்று. இரண்டு கட்சியினரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள் என்பது என் எண்ணம். அங்கே கேட்கப்படுவது ஒரு கேள்வி என்று இருவருமே நம்புகிறார்கள்.

உண்மையில் அங்கே விற்கப்படுபவை நான்கு தனிச் சரக்குகள். முதலாவது, காருக்கு நேரும் சேதத்துக்கும் திருட்டுக்கும் நம்மிடம் பணம் கேட்கமாட்டோம் என்று நிறுவனம் தரும் விலக்கு. கொலிஷன் டேமேஜ் வெய்வர் என்பார்கள். இது காப்பீடே அல்ல. ஒப்பந்தத்தில் தமக்குள்ள ஓர் உரிமையை அவர்கள் விலைக்கு விட்டுக்கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டாவது, நம்மால் பிறருக்கு நேரும் காயம், மரணம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கான பொறுப்புக் காப்பீடு. மூன்றாவது, காரில் இருப்பவர்களின் மருத்துவச் செலவுக்கானது. நான்காவது, பெட்டி படுக்கைகள் களவு போனால் ஈடு தருவது. கடைசி இரண்டையும் இங்கேயே விட்டுவிடலாம்; மருத்துவக் காப்பீடோ பயணக் காப்பீடோ உள்ளவர்களுக்கு அவை பெரும்பாலும் மிகை. முதல் இரண்டில்தான் விஷயம் இருக்கிறது.

மேசையில் முதலில் பேசப்படுவது முதலாவதைப் பற்றித்தான். கையில் விற்பனையாளருக்கு ஊக்கத்தொகை, முகத்தில் நமக்குக் கலவரம். இந்த வியாபாரம் எவ்வளவு சர்ச்சைக்குரியது என்பதற்கு நியூயார்க் மாநிலம் ஒரு சாட்சி. அங்கே 1989 முதல் 2003 வரை இந்த விலக்கை விற்கவே சட்டம் இடம் தரவில்லை; சாதாரணச் சேதத்துக்கு வாடகைக்கு எடுத்தவரின் பொறுப்பு நூறு டாலரோடு நின்றது. ஒரு சிறு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 25 டாலர் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 9,125 டாலர். சொந்தக் காருக்கு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வருடக் காப்பீட்டுக்கு அவ்வளவு தொகை கேட்டால் நாம் எழுந்து வந்துவிடுவோம். மூன்று நாளுக்கு 75 டாலர் என்னும்போது மட்டும் அது நியாயமாகத் தெரிகிறது.

ஆனால் விலை அதிகம் என்பதாலேயே காப்பீட்டை மறுத்துவிடலாமா? ஏறக்குறைய முந்நூறு வருடங்களுக்கு முன்பே இதற்குப் பதில் சொன்னவர் டேனியல் பெர்னூலி. 1738இல் வெளியான அவருடைய கட்டுரையில் ஒரு பீட்டர்ஸ்பர்க் வணிகர் வருகிறார். ஆம்ஸ்டர்டாமிலிருந்து கப்பலில் வரும் அவருடைய சரக்கு ஊர் வந்து சேர்ந்தால் பத்தாயிரம் ரூபிள் பெறும். அந்தப் பருவத்தில் நூறு கப்பலுக்கு ஐந்து மூழ்கிவிடும். காப்பீட்டுக்குக் கேட்கும் கட்டணமோ 800 ரூபிள். வெறும் சராசரிக் கணக்கில் நஷ்டம் 500 ரூபிள்தான் என்பதால் 800 என்பது அநியாயம். இருந்தும் பெர்னூலி கேட்கும் கேள்வி வேறு: சரக்கு நீங்கலாக இந்த மனிதரிடம் எவ்வளவு சொத்து இருக்கிறது? ஏறத்தாழ 5,043 ரூபிளுக்குக் குறைவாக இருந்தால் அநியாய விலை கொடுத்தாவது அவர் காப்பீடு எடுப்பதுதான் அறிவுடைமை. அதற்கு மேல் இருந்தால் எடுக்க வேண்டியதில்லை.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பது நம் பழமொழி. பெர்னூலி அதைத் தலைகீழாக்குகிறார். கனமான மடி உள்ளவர்தான் பயமின்றி நடக்கலாம். விபத்து நேருமா என்பதோ விலை நியாயமா என்பதோ இங்கே முதல் கேள்வி அல்ல. நேர்ந்தால் தாங்குவேனா என்பதே முதல் கேள்வி.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த இரண்டு சரக்குகளையும் பார்ப்போம். காரின் சேதத்துக்கு ஓர் எல்லை உண்டு. முழுக் காரும் நொறுங்கினாலும் நஷ்டம் அந்தக் காரின் விலை, பழுதுபார்க்கும் நாட்களுக்கு நிறுவனம் கேட்கும் வாடகை இழப்பு, சில கட்டணங்கள் என்ற அளவில் நின்றுவிடும். பிறருக்கு நம்மால் நேரும் தீங்குக்கு அப்படி எல்லை எதுவும் கிடையாது. சாலையைக் கடந்த ஒருவர் நம் காரில் அடிபட்டு வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் கிடக்க நேர்ந்தால், அமெரிக்க மருத்துவமனைக் கட்டணத்தில் அந்தத் தொகை எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீதிமன்றத் தீர்ப்பு கையிருப்போடு நில்லாமல் வருங்காலச் சம்பளத்தையும் தொடரக்கூடும்.

நம்மவர்கள் ஏமாறும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். இந்தியாவில் கட்டாய மூன்றாம் நபர் காப்பீட்டில் மரணத்துக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு கிடையாது. தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தில், 'சட்டப்படி குறைந்தபட்சக் காப்பீடு காரோடு வருகிறது' என்று கேட்டதும் நிம்மதி அடைந்துவிடுகிறோம். அமெரிக்காவில் குறைந்தபட்சம் என்பது உண்மையிலேயே குறைந்தபட்சம். கலிபோர்னியாவில் பல பத்தாண்டுகளாக அது காயம்பட்ட ஒருவருக்கு 15,000 டாலராக இருந்தது. 2025 ஜனவரியில்தான் 30,000 ஆயிற்று. காரின் உரிமையாளரான நிறுவனம் மிச்சத்தைச் சுமக்கும் என்று எதிர்பார்க்கவும் வழியில்லை. 2005இல் வந்த கிரேவ்ஸ் திருத்தம் என்னும் கூட்டாட்சிச் சட்டம், ஓட்டியவரின் தவறுக்கு வாடகை நிறுவனம் உரிமையாளர் என்ற முறையில் மட்டும் பொறுப்பாகாது என்று சொல்லிவிட்டது. மிச்சம் ஓட்டியவரின் தலையில்தான்.

ஆக, பம்பரில் விழும் கீறலுக்கு அஞ்சிப் பணம் கட்டுகிறோம். குடியை முழுகடிக்கும் பொறுப்பைக் காகிதத்தின் அடியில் ஒரு கட்டமாக விட்டுவிடுகிறோம். கீறல் கண்ணுக்குத் தெரிகிறது, கற்பனைக்கும் எட்டுகிறது. மற்றது எட்டுவதில்லை.

அமெரிக்காவிலேயே வாழ்ந்து சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு விடை எளிது. அவருடைய பாலிசி பெரும்பாலும் வாடகைக் காருக்கும் நீளும். பொறுப்புக் காப்பீடும் அதில் அடக்கம். சேதத்துக்கு அவருடைய கிரெடிட் கார்டும் கை கொடுக்கக்கூடும். ஆனால் கார்டு தரும் பாதுகாப்புக்கு நிபந்தனைகள் உண்டு. வாடகை முழுவதையும் அந்தக் கார்டில் கட்டியிருக்க வேண்டும். நிறுவனத்தின் விலக்கை மறுத்திருக்க வேண்டும். பெரிய வேன்களும் விலையுயர்ந்த கார்களும் பெரும்பாலும் கணக்கில் வராது. நாட்களுக்கும் வரம்பு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கார்டு காரை மட்டுமே காக்கும். பிறருக்கு நேர்ந்த தீங்கைப் பற்றி அது வாய் திறக்காது.

பிள்ளையைப் பார்க்க வந்த பெற்றோர், மூன்று மாத வேலைக்கு வந்த மென்பொருளாளர், நியூயார்க் நகரில் கார் இல்லாமலே வாழும் மாணவர் ஆகியோரின் நிலை வேறு. அவர்களுக்குப் பின்னால் எந்தப் பாலிசியும் இல்லை. இவர்கள் அந்த மேசையில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அது பொறுப்புக் காப்பீடாகத்தான் இருக்க வேண்டும். அடிக்கடி வாடகைக்கு எடுப்பவர்கள், சொந்தக் கார் இல்லாதவர்களுக்கென்றே விற்கப்படும் நான்-ஓனர் பாலிசியை விசாரிக்கலாம். காரின் விலை அவர்களுடைய சேமிப்பைக் கரைத்துவிடும் என்றால் விலக்கையும் வாங்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெர்னூலியின் வணிகர் 5,043 ரூபிளுக்குக் கீழே இருந்தால் என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் அவர்கள் செய்கிறார்கள்.

'மன நிம்மதிக்காக எல்லாவற்றையும் வாங்குகிறேன், உனக்கென்ன?' என்று கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நிம்மதியும் ஒரு பண்டம்தான், அதற்கும் ஒரு விலை இருக்கலாம். ஆனால் படிக்காமல் கையெழுத்திட்டுப் பெறும் நிம்மதி எத்தனை நேரம் நிற்கும்? வாங்கிய விலக்குகூட, ஒப்பந்தத்தில் பெயரில்லாத மைத்துனர் ஓட்டினாலோ, குடித்துவிட்டு ஓட்டினாலோ காற்றில் போய்விடும். நிம்மதிக்குப் பணம் கொடுப்பவர் அந்தப் பக்கத்தையாவது படித்துவிட்டுக் கொடுக்கலாம்.

இதற்கான முடிவைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே, வீட்டு மேசையில் எடுத்துவிட வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, கார்டு நிறுவனத்துக்கு இன்னொன்று, முன்பதிவுக் காகிதத்தில் எது அடக்கம் என்று ஒரு வாசிப்பு. அரை மணி நேர வேலை. அதைச் செய்தவருக்கு விமான நிலைய மேசையில் யோசிக்க எதுவும் இருக்காது.